சட்டம் எதனை நிறுக்கிறது?

இலங்கையின் 1984ஆம் ஆண்டு 13ஆம் இலக்கச் சட்டத்தின்படி, இரண்டு கிராமோ அதற்கு மேலோ ஹெரோயின் தன் வசம் வைத்திருந்தானென ஒருவன்மீது குற்றம் நிரூபிக்கப்படுமாயின், அவனுக்கு மரணதண்டனையோ ஆயுட்காலச் சிறையோ விதிக்கப்படலாம். விற்றான் என்றோ கடத்தினான் என்றோ தனியே நிறுவ வேண்டியதில்லை, வைத்திருந்தான் என்பதே போதும். அதே அரசாங்கத்தின் மதுவரித் திணைக்களமோ சாராயத்தின் மீதும் பியர் மீதும் அறவிடும் வரியினால் ஆண்டொன்றுக்கு 100 பில்லியன் ரூபாவுக்கு மேற்பட்ட தொகையைத் திறைசேரிக்குச் சேர்த்துக் கொடுக்கிறது. ஒரு லாகிரி வஸ்துவுக்குத் தூக்குமேடையும் இன்னொன்றுக்கு அனுமதிப்பத்திரமும் வழங்குகின்ற இந்த ஏற்பாடு எந்த நியாயத்தின்மேல் நிற்கின்றது என்பதை, பிள்ளைகளைப் பற்றிய அச்சம் வீட்டுக்கு வீடு புகுந்துவிட்ட இன்றைய யாழ்ப்பாணக் குடாநாட்டில் இருந்துகொண்டு நிதானமாக ஆராய்வது அவசியமென்று கருதுகிறேன்.

ஹெரோயினுக்கோ ‘ஐஸ்’ என்று இளைஞர் சொல்லும் மெதம்பெட்டமைனுக்கோ பரிந்து பேசுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. 2022ஆம் ஆண்டில், அசுத்தமான ஊசிகளால் ஹெரோயினை ஏற்றிக்கொண்டமையால் கிருமி இரத்தத்திற் கலந்து, இருதயம் பழுதடைந்து, யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் இளம் வயதினர் மாண்ட செய்திகளைப் படித்த எவரும் அவ்வஸ்துவை இலேசாக எண்ண மாட்டார். ஆயினும் கேடு என்பதையே அளவுகோலாகக் கொண்டு சட்டம் இயற்றப்பட்டதாயின், அந்த அளவுகோல் எல்லா வஸ்துக்கள் மீதும் ஒருபடித்தாய் வைக்கப்பட்டதா என்று கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு. உலக சுகாதார தாபனத்தின் கணக்குப்படி புகையிலையினால் உலகெங்கும் ஆண்டுதோறும் 70 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இறக்கின்றனர். 2019ஆம் ஆண்டில் மதுவினால் இறந்தோர் 26 இலட்சம் பேர். ஏனைய போதைவஸ்துக்கள் யாவற்றாலும் இறந்தோர் 6 இலட்சம் பேர். புகைப்போரும் குடிப்போரும் தொகையிற் பன்மடங்கு அதிகமானவர்களாதலால், இந்த எண்களை வைத்துக்கொண்டு ஹெரோயின் சிகரெட்டைவிடச் சாதுவானது என்று வாதிப்பவன் கணக்கையும் அறியான், உண்மையையும் அறியான். இவ்வெண்கள் காட்டுவது வேறொன்று: சட்டம் அனுமதித்த வஸ்து என்பதனாலேயே அது தீங்கற்றது என்ற எண்ணம் பொய்யானது, சட்டம் கோடு கிழித்த இடத்துக்கும் கேடு தொடங்கும் இடத்துக்கும் இடையே பெருந்தூரம் இருக்கின்றது.

அந்தக் கோடு எங்ஙனம் கிழிக்கப்பட்டது என்பதை அறிய நம் பனைமரத்தின் அடியிலிருந்தே தொடங்கலாம். பிரித்தானியர் காலத்தில் சாராய விற்பனை உரிமை ஏலத்தில் விடப்பட்டு, கூடிய தொகை கேட்டவனுக்குக் குத்தகையாகக் கொடுக்கப்பட்டது. குத்தகைக்காரன் அதிகம் விற்றால் அரசாங்கத்துக்கும் அதிக வருவாய் வந்தது. பின்னர் வந்த 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் கள்ளையும் சாராயத்தையும் வெவ்வேறாகப் பிரித்து, அனுமதி பெற்ற தவறணைகளை நாடெங்கும் நிறுவ வழிசெய்தது. குடிமக்களின் உடல்நலத்தைக் காக்கும் எண்ணத்திலும் பார்க்க வருமானத்தை ஒழுங்குபடுத்தும் எண்ணமே அச்சட்டத்தில் மேலோங்கி நின்றது என்பதைத் தென்னிலங்கையில் அதற்கெதிராக எழுந்த பெரும் மதுவிலக்கு இயக்கம் அப்போதே உரத்துச் சொல்லிற்று. ஊர்மக்கள் வாக்களித்துத் தம்மூர்த் தவறணையை மூடுவிக்கலாம் என்ற ஏற்பாடு பின்னர் வந்தபோது, அதனை யாழ்ப்பாணத்தார் ஆர்வத்தோடு பயன்படுத்திக்கொண்டு பல தவறணைகளை மூடச் செய்தனர். 1927ஆம் ஆண்டு நவம்பரில் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தபோது அவரை வரவேற்ற இளைஞர்களின் உள்ளத்தில் கதரும் மதுவிலக்கும் சமபந்திப் போசனமும் ஒரே கனவின் பகுதிகளாகவே இருந்தன.

அந்தக் கனவின் மேன்மையை நான் மதிக்கிறேன். எனினும் தவறணை மூடப்பட்டபோது யாருடைய அடுப்பு அணைந்தது என்பதையும் பார்க்க வேண்டும். தளநாரைக் காலிற் பூட்டி, இடுப்பில் சீவல்கத்தியோடு, நாளுக்கு இருமுறை பனையேறிப் பாளை சீவி முட்டி கட்டிய தொழிலாளர், கோயில் வாசலும் பள்ளிக்கூட வாசலும் மறுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவர்கள்; அவர்கள் இறக்கிய கள்ளுக்குப் பூட்டு விழுந்த அதே காலத்தில், வசதி படைத்தோரின் வீட்டு அலுமாரியில் இருந்த பிராந்திப் போத்தலை எந்த வாக்கெடுப்பும் தொடவில்லை. பிளாவிற் குடிப்பவனின் போதை ஊருக்கு அவமானமாகவும் கண்ணாடிக் கிண்ணத்திற் குடிப்பவனின் போதை அவனவன் சொந்த விஷயமாகவும் கருதப்பட்ட மனப்பான்மை, சட்டத்துக்கு முன்பே நம் சமூகத்தில் இருந்தது. சட்டம் அதற்கு முத்திரை குத்தியது.

மரமொன்றுக்கு இவ்வளவென வரி கட்டி அனுமதி பெறும் மரவரி முறை நெடுங்காலம் இங்கே நடைமுறையில் இருந்தது. 1970களின் தொடக்கத்தில் அமைக்கப்பட்ட பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்களே சீவல் தொழிலாளருக்கு முதன்முதலாக ஓரளவு மரியாதையையும் நிலையான விலையையும் சேமிப்பையும் பெற்றுக் கொடுத்தன. 1978இல் பனை அபிவிருத்திச் சபை உருவாயிற்று. வடமராட்சியின் திக்கம் வடிசாலையில் பனஞ்சாராயம் வடிக்கப்பட்டது. கள்ளில் மதுசாரம் நூற்றுக்கு ஐந்து வீதமளவும், கடையில் விற்கும் சாராயத்தில் முப்பது வீதத்துக்கு மேலும் இருக்கின்றது. இறக்கிய நாளிலேயே குடித்து முடிக்க வேண்டிய, பதப்படுத்தாத கள்ளை மாதக்கணக்காகச் சேமித்து வைக்கவோ தொலைதூரம் கொண்டுசெல்லவோ முடியாது. கேட்டின் அளவே கருத்தாயின், சட்டத்தின் கெடுபிடி சாராயத்தின்மேல் அதிகமாகவும் கள்ளின்மேல் குறைவாகவும் அன்றோ இருத்தல் வேண்டும்? நடப்போ மாறாக இருக்கிறது. சங்கத்தின் அனுமதிக்குப் புறம்பாகத் தன் வளவில் நாலு போத்தல் கள் விற்கும் தொழிலாளி மதுவரிக்காரருக்கு அஞ்சி ஒளிந்துகொள்ள, உத்தரவு பெற்ற மதுபானசாலை பிரதான வீதியில் விளக்குப் போட்டு வியாபாரம் செய்கிறது. 2024ஆம் ஆண்டில் மாத்திரம் முந்நூறுக்கு மேற்பட்ட மதுபான அனுமதிப்பத்திரங்கள் வழங்கப்பட்ட விபரம் பாராளுமன்றத்தில் வெளியிடப்பட்டபோது, போரினால் சிதைந்து இன்னும் நிமிராத கிளிநொச்சி மாவட்டத்துக்குக் கிடைத்த பங்கைக் கண்டு வடக்கு மக்கள் அதிர்ந்தனர். பாக்குநீரிணைக்கு அப்பால் தமிழ்நாட்டிலும் இதுவே கதை: அங்கே 1987 முதல் கள் இறக்குவது தடைசெய்யப்பட்டிருக்க, 2003 முதல் அரசாங்கத்தின் டாஸ்மாக் கடைகளே பிராந்தியும் விஸ்கியும் சில்லறையாக விற்கின்றன.

இந்தப் பாரபட்சம் சாதியோடும் வருவாயோடும் நின்றுவிடவில்லை. இலங்கையில் பெண்ணொருத்தி கடையில் மதுபானம் வாங்குவதைத் தடுக்கும் விதி 1955 முதல் இருந்து வருகிறது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதனை நீக்க, சில நாட்களுக்குள் ஜனாதிபதியின் பணிப்பால் அது திரும்பவும் நிலைநாட்டப்பட்டது. போத்தல் ஒன்றே, வாங்கும் கை மாறினால் சட்டமும் மாறுகிறது. வெவ்வேறு வாடிக்கைக்காரருக்கு வெவ்வேறு படிக்கல் வைத்து நிறுக்கும் வியாபாரியை நாம் சந்தையில் நம்ப மாட்டோம். சட்டத்தின் கையில் அத்தகைய படிக்கற்கள் பல இருக்கின்றன.

புகையிலையின் வரலாறு இன்னும் நெருக்கமானது. ஏனெனில் அது நம் மண்ணின் பணப்பயிர். ஒல்லாந்தர் காலத்திலிருந்தே யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்கு ஏற்றுமதியாகி இங்கே காசு புரள வழிசெய்தது. அச்சந்தை நலிந்தபோது அதனைக் காப்பதற்காகவே 1930களில் மலையாளப் புகையிலைக் கூட்டுறவு விற்பனைச் சங்கம் தோன்றிற்று. தெற்கின் பட்டணங்களில் யாழ்ப்பாணத்தார் நடத்திய சுருட்டுக் கடைகளின் வருமானத்தில் எத்தனையோ கல்வீடுகள் எழுந்தன, எத்தனையோ பிள்ளைகள் படித்து உத்தியோகம் பெற்றனர். கிணற்று நீரை இறைத்து, செம்மண் தோட்டத்தில் கன்றுக்குக் கன்று பார்த்து வளர்த்த அந்தப் பயிரே புற்றுநோயையும் கொண்டு வருகிறது என்பதை ஏற்றுக்கொள்வது நமக்கு எளிதன்று. ஆயினும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் புகையிலை, மதுசாரம் ஆகிய இரண்டின் விளம்பரங்களையும் தடுத்து, 21 வயதுக்குக் குறைந்தோருக்கு விற்பதையும் தடை செய்தது. சிகரெட் பெட்டியின் முகப்பில் நூற்றுக்கு எண்பது வீதத்தை எச்சரிக்கைப் படம் பிடித்துக்கொண்டது. 2016இல் புகையற்ற புகையிலைப் பண்டங்களுக்குத் தடை வந்தது. இவை யாவும் நல்ல ஏற்பாடுகள். ஒருவரையும் தூக்கிலிடாமல், சிறையை நிரப்பாமல், விலையாலும் விதியாலும் எச்சரிக்கையாலும் ஒரு கொடிய பழக்கத்தைப் படிப்படியாகக் குறைக்க முடியும் என்பதற்கு இவையே சான்று.

ஆனால் இங்கும் நிறை ஒன்றாக இல்லை. 2020ஆம் ஆண்டுக்குள் புகையிலைச் செய்கையை முற்றாக ஒழிப்பதாக மைத்திரிபால சிறிசேன அரசாங்கம் அறிவித்தபோது, மாற்றுப்பயிர் என்ன, கடன் என்ன, சந்தை என்ன என்று வலிகாமத்துத் தோட்டக்காரன் கேட்ட கேள்விக்குத் திருப்தியான மறுமொழி கிடைக்கவில்லை. அதே வேளையில் சிகரெட் உற்பத்தியை ஏகபோகமாக நடத்தும் கம்பனியின் வரிப்பணம் திறைசேரிக்கு இன்றியமையாத வருமானமாகவே தொடர்ந்தது. செய்கையும் ஒழியவில்லை, கேள்வியும் தீரவில்லை.

கஞ்சாவைப் பற்றிய சட்டமோ முரண்பாடுகளின் களஞ்சியம். சித்த வைத்தியத்தில் அபினும் கஞ்சாவும் முறைப்படி சுத்தி செய்யப்பட்டு மருந்துகளிற் சேர்க்கப்பட்டன; இன்றும் பதிவுபெற்ற சுதேச வைத்தியர் அவற்றை அரசாங்கத்தின் மூலம் பெறச் சட்டம் இடமளிக்கிறது. பிரித்தானிய இந்திய அரசாங்கம் 1893, 1894ஆம் ஆண்டுகளில் நியமித்த விசாரணைக்குழு பல நூறு சாட்சிகளைக் கேட்டு, அளவாகக் கஞ்சா உட்கொள்வது பெருங்கேடு விளைப்பதில்லை, முழுத் தடையிலும் வரியும் கட்டுப்பாடுமே தக்கன என்று அறிக்கை செய்தது. ஆயினும் 1925ஆம் ஆண்டு ஜெனீவா மகாநாட்டில், எகிப்தியப் பிரதிநிதிகளின் வற்புறுத்தலால் கஞ்சாவும் சர்வதேசக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க, நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் பற்றிய நம் கட்டளைச் சட்டம் அந்தக் காலச் சூழலிலேயே பிறந்தது. நம் வைத்தியரோ நம் ஊராரோ பட்டறிந்த கேட்டை அளந்து எழுதிய சட்டமன்று அது. உலக நாடுகளின் பேரத்தில் விளைந்து, குடியேற்ற ஆட்சியின் வழியாக நம்மை வந்தடைந்த சட்டம் அது.

இன்று அதன் விளைவு என்ன? வடமராட்சி கிழக்கிலோ மாதகலிலோ, இழுவைப் படகுகளால் வலையிழந்து கடன்பட்டிருக்கும் கடற்றொழிலாளி ஒருவன், ‘கேரளக் கஞ்சா’ என்று பெயர் பெற்ற பொதிகளைக் கரை சேர்த்துக் கொடுத்தால் கிடைக்கும் சில ஆயிரங்களுக்காகத் தன் விடுதலையைப் பணயம் வைக்கிறான்; கடற்படையிடம் அகப்படுபவன் அவனே, பணம் முதலிட்டவன் கரையில் எங்கேயோ இருக்கிறான். அவனுடைய ஒன்றுவிட்ட சகோதரன் கனடாவின் ஸ்காபுரோவில் வசிப்பானாயின், 2018 ஒக்டோபர் 17இல் கஞ்சா அங்கே சட்டபூர்வமாக்கப்பட்டமையால், 19 வயது நிறைந்தவன் என்ற அடையாள அட்டையைக் காட்டி, உத்தரவு பெற்ற கடையில் பற்றுச்சீட்டோடு அதே கஞ்சாவை வாங்கி, 30 கிராம் வரை சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தெருவில் நடக்கலாம். கனடாவைப் பின்பற்றுவோம் என்று நான் சொல்லவில்லை. இளம் மூளைக்குக் கஞ்சா கேடு விளைக்கிறது என்பதற்கும், மனநோய்க்கு ஆளாகும் இயல்புடையோரை அது சித்தப்பிரமைக்குள் தள்ளிவிடக்கூடும் என்பதற்கும் வைத்திய சாட்சியம் உண்டு. எனினும் நம் அரசாங்கமே 2025இல், ஏற்றுமதிக்காக மட்டும் மீரிகமையில் கஞ்சா பயிரிட வெளிநாட்டு முதலீட்டாளருக்கு அனுமதி வழங்கத் துணிந்தபோது, தன் வளவில் ஒரு செடி நட்டமைக்காக நீதிமன்றத்தில் நிற்கும் ஏழை, இது என்ன நீதி என்று கேட்டால், அவனுக்கு எந்தச் சட்டத்தரணி என்ன பதில் சொல்வார்?

இனி, மிகக் கடுமையான தண்டனை குறிக்கப்பட்ட வஸ்துக்களுக்கு வருவோம். 1976க்குப் பின் இலங்கையில் எவரும் தூக்கிலிடப்படவில்லை. போதைவஸ்துக் குற்றவாளிகள் நால்வரின் மரணதண்டனையை நிறைவேற்ற 2019 ஜூனில் ஜனாதிபதி கையொப்பமிட்டபோதும் உயர்நீதிமன்றம் தடையுத்தரவு பிறப்பித்தது. 2022ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத் திருத்தம் மெதம்பெட்டமைனையும் சேர்த்துக்கொண்டு, ஐந்து கிராமுக்கு அதே உச்ச தண்டனையை நிர்ணயித்தது. மரணதண்டனை ஏட்டில் இருந்த இந்த நாற்பது ஆண்டுகளில் ஹெரோயின் குறைந்ததா என்று கேட்டால், கேட்பவர் முகத்தைப் பார்க்கவே கூசுகிறது. போர்க்காலத்தில் இவ்வஸ்துவின் பெயரைக்கூட அதிகம் அறியாதிருந்த குடாநாட்டுக் கிராமங்களில் இன்று பாடசாலைப் பிள்ளைகளுக்கும் அது பழகிய பெயராகிவிட்டது.

கிராம் கணக்கினால் விளையும் அநியாயத்தைச் சற்று விளக்க வேண்டும். ஒரு பொதியில் கலப்படம் போகத் தூய ஹெரோயின் எவ்வளவு என்பதை அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கையே தீர்மானிக்கிறது. யாழ்ப்பாணத்தில் கைப்பற்றப்பட்ட மாதிரி கொழும்பை அடுத்த பத்தரமுல்லைக்குப் போய் அறிக்கையாகத் திரும்பும் வரை, சந்தேகநபர் விளக்கமறியலில் இருப்பார். பாரதூரமான அளவு சம்பந்தப்பட்ட வழக்குகளில் நீதவானுக்குப் பிணை வழங்கும் அதிகாரம் இல்லை, மேல் நீதிமன்றங்களுக்கே ஏற வேண்டும், அதற்குச் சட்டத்தரணியும் பணமும் வேண்டும். தன் பழக்கத்தைத் தீர்க்கவே சிறுகச் சிறுக விற்பவனும், கொள்கலன் கணக்கில் இறக்குமதி செய்பவனும் இரண்டு கிராமைக் கடந்துவிட்டால் ஒரே பிரிவின்கீழ் நிற்கின்றனர். நிற்கின்றனர் என்பதுகூடச் சரியன்று. கொள்கலன்காரன் பெரும்பாலும் வந்து நிற்பதேயில்லை. சிறிய அளவோடு பிடிபட்டவனுக்கு விதிக்கப்படும் தண்டப்பணம், கட்ட முடிந்தவனுக்கு ஒரு நாட் செலவு. கட்ட முடியாதவனுக்கு அதுவே சிறைவாசம். ஆண்டுதோறும் தண்டனை பெற்று இலங்கைச் சிறைகளுக்குள் செல்வோரில் பாதிக்கு மேற்பட்டோர் போதைவஸ்துக் குற்றங்களுக்காகவே செல்கின்றனர். கொள்ளளவின் இருமடங்குக்கு மேல் ஆட்களை அடைத்திருக்கும் அச்சிறைகளிலிருந்து திருந்தி வந்தவரிலும் பெரிய வியாபாரிகளின் தொடர்போடு வெளிவந்தவரே அதிகமென்று ஊரில் பேசிக்கொள்வதை வெறும் வதந்தியென்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

2023 டிசம்பர் 17இல் பொலிசார் போதைவஸ்துக்கு எதிராகத் தொடங்கிய ‘யுக்திய’ நடவடிக்கையில் சில வாரங்களுக்குள் பல்லாயிரக்கணக்கானோர் கைதுசெய்யப்பட்டனர்; ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் அது குறித்துக் கவலை வெளியிட்டது. அதற்கு முன்பே, 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் போதைக்கு அடிமையானோரைச் சிகிச்சைக்கு அனுப்ப வழிவகுத்திருந்தது. ஆயினும் சிகிச்சை என்ற பெயரில் கந்தக்காடு போன்ற நிலையங்களில் நடப்பது பெரும்பாலும் இராணுவ ஒழுங்குமுறையிலான தடுத்துவைப்பே; 2022 ஜூனில் அங்கே ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து எழுந்த குழப்பத்தில் நூற்றுக்கணக்கானோர் தப்பியோடினர். நோயாளிகள் தங்கள் வைத்தியசாலையிலிருந்து இப்படிக் கூட்டமாக ஓடுவதில்லை.

இவ்விடத்தில் ஒரு வலுவான ஆட்சேபத்துக்கு விடை கூறியாக வேண்டும். மதுவும் புகையிலையும் இவ்வளவு கேடு செய்வது உண்மையானால், அவற்றோடு இன்னும் சிலவற்றையும் சேர்த்து அனுமதிப்பது எரியும் வீட்டுக்குள் விறகு அடுக்குவதாகாதா என்று கேட்போர் உளர். நியாயமான கேள்வி. ஆனால் நான் வேண்டுவது ஹெரோயினுக்குக் கடை திறப்பதன்று. வியாபாரிக்கும் நோயாளிக்கும் இடையே சட்டம் வித்தியாசம் காண்பதைத்தான். போர்த்துக்கல் 2001ஆம் ஆண்டில் அதனையே செய்தது. பத்து நாட் பாவனைக்கு மேற்படாத அளவை வைத்திருப்பவன் அங்கே குற்றவியல் நீதிமன்றத்துக்குப் போவதில்லை. வைத்திய, சமூகசேவை, சட்ட அறிவுடையோர் அடங்கிய குழுவின் முன் செல்கிறான். விற்பவன் முன்போலவே சிறைக்குப் போகிறான். அந்நாடு சீரழிந்துவிடவில்லை, போதைவஸ்துவால் நேரும் மரணங்களில் அது ஐரோப்பாவின் தாழ்ந்த நிலையிலுள்ள நாடுகளில் ஒன்றாகவே இருக்கிறது. மறுபுறத்தில், கேடு கூடிய சாராயத்துக்கு இன்று காட்டும் சலுகையைக் குறைத்து, புகையிலைமீது நடத்தும் விளம்பரத் தடையையும் விலைக்கொள்கையையும் அதே உறுதியோடு அதன்மீதும் நடத்துவதும் இந்த ஒருமைப்பாட்டின் பகுதியேயாகும். ஒருவரிடம் கடுமையும் இன்னொருவரிடம் தாராளமும் காட்டும் சட்டத்தைப் பிள்ளைகள் நம்புவதில்லை. தகப்பனின் கையில் சாராயக் கிண்ணத்தைக் கண்டு வளரும் பையனுக்குக் கஞ்சா விஷமென்று பாடசாலையில் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியரின் சங்கடத்தை ஆசிரியத் தொழிலில் உள்ளோர் அறிவர்.

மகனுக்கு ஐஸ் பழக்கம் தொற்றிவிட்டதென்று அறிந்த ஒரு தாய் இன்று எங்கே செல்வாள்? பொலிசுக்குப் போனால் வழக்கு. போகாவிட்டால் வீட்டில் ஒன்றொன்றாய்ப் பொருள் மறைகிறது, அடியும் விழுகிறது. தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் உளநலப் பிரிவைப் போன்ற இடங்களில் பணிபுரிவோர் தம்மால் இயன்றதைச் செய்கின்றனர். ஆனால் மகன் சொல்வது வழக்கேட்டிற் பதியப்படாது, வந்தமைக்காக அவன் கைதுசெய்யப்பட மாட்டான் என்ற உறுதியைச் சட்டமே கொடுத்தாலன்றி, அந்தத் தாய் வாசற்படியை மிதிக்கத் தயங்குவாள். முதன்முறை சிறு அளவோடு பிடிபட்டவரை நீதவான் நேரே வைத்தியரிடம் அனுப்பும் அதிகாரம், பகுப்பாய்வு அறிக்கைக்கு ஒரு காலவரையறை, தண்டப்பணத்தை ஆளின் வருமானத்துக்கு ஏற்ப விதிக்கும் முறை, தன் பனையிலிருந்து இறக்கிய கள்ளை விற்பவனுக்கு எளிய உத்தரவு ஆகியவற்றைப் பாராளுமன்றம் ஒரு கூட்டத்தொடரிலேயே இயற்றிவிடலாம். இவற்றுக்குப் பெரும் பணம் தேவையில்லை. பணம் தேவைப்படுவது சிகிச்சைக்கு: படுக்கைகளுக்கும், தாதியருக்கும், உளவள ஆலோசகருக்கும், வீடு திரும்பியவனைத் தேடிச் சென்று பார்க்கும் சமூகசேவை உத்தியோகத்தருக்கும். அந்தப் பணத்தை வடமாகாணத்து மதுபானசாலைகளிலிருந்து ஒவ்வொரு மாதமும் அறவிடப்படும் வரியிலிருந்தே எடுத்துக் கொடுக்கலாம்.